மூன்று பேருக்கு ஒரே அக்கவுன்ட்

அத்தியாயம் 14

போன வாரம் ஹெட்மிஸ் போனை வைத்த வேகத்தில் நம் கதையே ஆடிப் போய் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? "சனிக்கிழமை சாயங்காலம் வண்டியோட வரேன். அப்பாவை என்கூடக் கூட்டிட்டுப் போறேன். பெட்டி தயாரா இருக்கணும்." அவ்வளவுதான். இந்தப் பக்கம் இருப்பவள் வாயைத் திறப்பதற்குள் டொக்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. பழையவர்கள் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஹெட்மிஸ் பள்ளிக்கூடத்துப் பக்கம் வேலை பார்த்ததே இல்லை. ஒரு லாரி கம்பெனியில் எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று விரட்டுகிற வேலை. வீட்டு மனிதர்களையும் அதே மாதிரி விரட்டுவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் கதாநாயகிக்கு அவள் நாத்தனார். கதாநாயகிக்குக் காது கேட்கும் கருவி பொருத்துகிற கிளினிக்கில் வேலை. வருகிறவர்கள் 'டாக்டரம்மா' என்பார்கள். 'டாக்டர் இல்லைங்க' என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

அவளுடைய கணவன் மழை தொடங்கிய சமயத்தில், 'புது பிராஞ்ச்ல ஒரு மாச வேலை' என்று சொல்லி ஒரே ஒரு பையோடு வேறு ஊருக்குப் போனான். மாதம் போனது, மழையும் போனது, ஆள் வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. 'கொஞ்ச நாள் தனியா இருக்கணும்' என்று ஒரு மெசேஜ், அதோடு சரி. அவனுடைய அப்பா மட்டும் மருமகளோடு அதே வீட்டில் இருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

'உங்கள் கதாநாயகிக்கு ரோஷமே கிடையாதா? ஒரு தடவையாவது அழக் கூடாதா?' என்று வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். இருக்கிறது அம்மா, எங்கேயோ இருக்கிறது. எங்கே வைத்தாள் என்று அவளுக்கே இப்போது தெரியவில்லை. பக்கத்து வீட்டில்கூட அவள் அழுவாள், போய் ஆறுதல் சொல்லலாம் என்று காத்திருந்து காத்திருந்து அலுத்துவிட்டார்கள். அவள் பாட்டுக்கு எழுந்தாள், குளித்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள். உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையிலும் அப்படித்தான் கிளினிக்குக்குப் போனாள்.

சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் ஒரு பெரியவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பீப் சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். மனிதர் அமுக்கவே இல்லை.

"கேக்கலையாங்க ஐயா?"

"கேட்டுச்சே. ரொம்பச் சின்னதா இருந்துச்சு. கொஞ்சம் பெருசா வரட்டும்னு இருந்தேன்."

"சின்னதா கேட்டாலும் அமுக்கணும்ங்க."

வெளியே நின்ற அவர் மனைவி, "வீட்லயும் இதே கதைதான். நான் கத்தினாத்தான் சத்தம்னு ஒத்துக்குவார்" என்றாள். உதவிக்கு இருந்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நம்மவளும் சிரிக்க வேண்டிய இடம் இது என்று தெரிந்து உதட்டைக் கொஞ்சம் விரித்தாள்.

பிரின்டர் சரி செய்ய வந்திருந்த கம்ப்யூட்டர்காரரிடம் மாமனாரின் லேப்டாப்பைப் பற்றிக் கேட்டாள். மாமனார் ஒரு நாள் 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது' என்று மின்னிய எதையோ அமுக்கிவிட்டார். அன்றிலிருந்து பிரௌசரைத் திறந்தால் போதும், முடி வளர எண்ணெய், எடை குறைய மாத்திரை, தனிமையில் வாடும் பெண்கள் என்று ஜன்னல் மேல் ஜன்னலாகத் திறந்துகொண்டிருந்தது. "இந்த வயசுல எனக்கு இதெல்லாம் எதுக்குடா" என்று அவர் ஒவ்வொன்றையும் மரியாதையாக மூடிக்கொண்டிருந்தார். சாயங்காலம் அவர் கிளம்புவதற்குள் அதைச் சரி செய்து கையில் கொடுக்க வேண்டும் என்பது ஹெட்மிஸ் பிறகு மெசேஜில் போட்ட உத்தரவு. 'இல்லாட்டி இங்க வந்து என் உயிரை எடுப்பார்.'

"பிரௌசரை மொத்தமா தூக்கிட்டு மறுபடி போட்டுடுங்க" என்றார் கம்ப்யூட்டர்காரர். "ஆனா அதுக்கு முன்னாடி புக்மார்க் எல்லாத்தையும் எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு பென் டிரைவ்ல வச்சுக்கோங்க. பாஸ்வேர்டைத் தனியா எடுக்கணும், அதையும் மறக்காதீங்க. எழுத்து சைஸ், முதல் பக்கம் அந்த மாதிரி செட்டிங்கெல்லாம் ஃபைல்ல வராது, பாத்து வச்சுக்கிட்டு திரும்ப வைக்கணும்."

"சரிங்க."

"முக்கியமா, முதல்ல குப்பையைக் கழிச்சிடுங்க. குப்பையோட எக்ஸ்போர்ட் பண்ணா குப்பையோடதான் திரும்பி வரும். யார் அக்கவுன்ட்ல லாகின் பண்ணியிருக்கு?"

"வீட்டு அக்கவுன்ட்தாங்க."

வீட்டு அக்கவுன்ட் என்றால் என்ன என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பிரின்டரில் பேப்பர் சிக்கிவிட்டது, குனிந்துவிட்டார்.

மதியம் அவள் வீட்டுக்கு வந்தபோது மாமனார் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். பெட்டி சுவரோரம் நின்றது. முழுக்கை சட்டையில் இருந்தார், சாயங்காலப் பயணத்துக்குக் காலையிலேயே போட்டுக்கொண்டது.

"வாம்மா. ஆபரேஷனை ஆரம்பிக்கலாமா?"

அவருடைய பிரௌசரைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எழுத்தெல்லாம் கடைப் பலகை சைஸ். மேலே புக்மார்க் பட்டையில் அவரே வைத்த பெயர்கள். 'மழை வருமா', 'பேப்பர்', 'செஸ்', 'முட்டி வலி', 'லிஃப்ட் விழுந்தது'. கடைசியாகச் சொன்னது உலகத்தில் எங்கே லிஃப்ட் பழுதானாலும் செய்தி போடுகிற ஒரு பக்கம். காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பார். 'பராமரிப்பு சரியில்ல' என்று தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் காபி.

இருவரும் குப்பையைக் கழிக்க உட்கார்ந்தார்கள். பட்டையின் கோடியில் இருந்த அம்புக்குறியை அமுக்கினால் கீழே நீளமாகக் கொட்டியது.

"'ஜிம் நேரம்'. இது உன்னோடதா?"

"இல்ல மாமா."

"என்னோடதும் இல்ல. தூக்கு. 'ஃப்ளாட் வாடகை', இது?"

"இல்ல."

"எல்லாம் அந்த விளம்பரப் பிசாசு கொண்டுவந்து வச்சதா இருக்கும். தூக்கு, தூக்கு. 'சோபா'. நாம எங்க சோபா பாத்தோம்?"

ரைட் கிளிக், நீக்கு. ரைட் கிளிக், நீக்கு. அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

மேஜை மேல் இருந்த மாமனாரின் போன் அலறியது. எடுத்துப் பார்த்தவர் கை அப்படியே நின்றுவிட்டது. மகன்! இத்தனை நாள் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்காதவன், தானாகக் கூப்பிடுகிறான். அவர் அவசரமாக ஸ்பீக்கரைப் போட்டார்.

"அப்பா! என் லிங்க்கை எல்லாம் யாரு அழிக்கிறது?"

"டேய்! எப்படிடா இருக்க? சாப்பிட்டியா?"

"அப்பா, நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. இங்க என் கண்ணு முன்னாடி ஒவ்வொண்ணா காணாமப் போகுது. லேப்டாப்ல ஏதாவது பண்றீங்களா?"

"சுத்தம் பண்றோம்டா. உன் பொண்டாட்டியும் பக்கத்துலதான் இருக்கா. குடுக்கவா?"



"எதையும் தொடாதீங்கப்பா" என்றது குரல். இணைப்பு அறுந்தது.

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. கல்யாணமான புதிதில் அவன்தான் தன் பெயரில் ஒரு அக்கவுன்ட் திறந்து இந்த லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். 'ஆளுக்கு ஒண்ணு போட்டுத் தரவாப்பா?' என்று கேட்டதற்கு, 'ஒரே வீட்டுக்கு எதுக்குடா மூணு? ஒண்ணு போதும், குடும்பம்னா எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கணும்' என்று சொன்னவர் இதே லிஃப்ட்காரர்தான். ஒரே டூத்பேஸ்ட், ஒரே குடை ஸ்டாண்டு, ஒரே அக்கவுன்ட். அவன் வீட்டை விட்டுப் போனான், அக்கவுன்ட்டை விட்டுப் போகவில்லை. இங்கே அழித்தால் அங்கே அழிகிறது. அங்கே சேர்த்தால் இங்கே வருகிறது.

ஆக, சோபா பார்த்தது அவன்தான்.

சோபா வாங்குகிறவன் திரும்பி வருகிறவனா? கேள்வி அவள் மனதில் வந்தது, வந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. வலிக்கும் என்று காத்திருந்தாள். வலிக்கவில்லை. அழித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தாள்.

மாமனாரின் முகமோ விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"பாத்தியா, கூப்பிட்டான்."

"ஆமா மாமா."

"சோபாவை மறுபடி அழி."

"எதுக்கு மாமா?"

"அழிச்சாத்தானேம்மா கூப்பிடறான்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவரே மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, நாக்கைக் கடித்தபடி சோபாவை அழித்தார். பிறகு போனை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

போன் வரவில்லை. ஆனால் பட்டையில் ஏதோ அசைந்தது. 'மழை வருமா'வுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஃபோல்டர் முளைத்தது. அதற்குப் பெயர்: 'அப்பா தொடாதீங்க'.

"அடேங்கப்பா!" என்றார் மாமனார். "இதுல எழுதிக்கூடப் பேசலாமா?"

பெயர் மாற்றுவதெல்லாம் அவருக்குக் கைவந்த கலை. ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவரும் ஒரு ஃபோல்டர் வைத்தார். 'சாப்பிட்டியா'.

அவள் எழுந்து போய்ச் சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கொண்டு வருவதற்குள் பதில் வந்திருந்தது. 'ம்'.

"சாப்பிட்டானாம்!" என்று அவர் தட்டை வாங்கிக்கொண்டார். இத்தனை மாதத்தில் அவர் இவ்வளவு ருசித்துச் சாப்பிட்டு அவள் பார்க்கவில்லை. அவருக்குச் சந்தோஷம் என்று பார்த்துத் தெரிந்துகொண்டாள். தனக்கு என்ன என்று பார்க்க முடியவில்லை. 'ம்' என்ற அந்த ஒற்றை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனோடு வாழ்ந்த காலத்தில் அவளுக்கும் அதிகமாகக் கிடைத்தது அந்த எழுத்துதான்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் நீளமாக ஒன்று எழுதினார். எழுதி, அழித்து, மறுபடி எழுதினார். 'அக்கா என்னைக் கூட்டிட்டுப் போக வரா. நீ திரும்பி வருவியா மாட்டியா சொல்லு. வரதா இருந்தா நான் இங்கேயே இருக்கேன்.' பட்டையில் முதல் இரண்டு வார்த்தைதான் தெரிந்தது. மவுஸ் அம்பை அதன் மேல் கொண்டுபோனால் முழுதும் தெரியும்.

"முழுசாப் படிப்பானா?"

"படிப்பார் மாமா."

ஹெட்மிஸ் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சு தொடங்கிவிட்டது.

"பெட்டி ஒண்ணுதானா? மருந்தெல்லாம் எடுத்து வச்சாச்சா? லேப்டாப் சரியாச்சா? அப்பா, என்ன இன்னும் உக்காந்திருக்கீங்க, போய்க் குளிச்சிட்டு வாங்க. அங்க உங்களுக்கு ரூம் தயாரா இருக்கு. ஜன்னல் பக்கம் கட்டில்."

மாமனார் காதிலிருந்த கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மகள் பேசத் தொடங்கினால் அவர் எப்போதும் செய்கிற காரியம் அது. மருமகள்தான் பொருத்திக் கொடுத்தது. 'பொருத்தினதுல பெரிய வசதி என்னன்னா கழட்டலாம்' என்பார்.

"அதை மாட்டுங்கப்பா!"

மாட்டிக்கொண்டார். "பையன்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கேன்."

"யார்கிட்ட? அவன்கிட்டயா? போனை எடுத்தானா?"

அவர் பட்டையைக் காட்டினார். ஹெட்மிஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, குனிந்து, அம்பை நகர்த்தி, முழுதும் படித்தாள். அவள் முகத்தில் கோபம் ஏறி இறங்கியது.

"இது என்னப்பா கூத்து? அவனெல்லாம் பதில் போடற ஆளா?"

"வரேன்னு சொன்னா இங்க இருக்கேன். வரமாட்டேன்னு சொன்னா உன் வண்டியில ஏறறேன். ஆனா ஒரு பதில் வராம நான் எங்கயும் வர்றதா இல்ல. கேள்வியைக் கேட்டுட்டு நாமளே எந்திரிச்சுப் போனா அது மரியாதை இல்ல."

"எனக்கு திங்கக்கிழமை தலைக்கு மேல வேலை இருக்குப்பா."

"நீ கிளம்பு. நான் இருக்கேன்."

"இருக்கேன்னா? இவ எப்படிப் பாத்துக்குவா? வேலைக்குப் போறவ. இவளுக்கும் ஒரு வாழ்க்கை இல்லையா? புருஷன் விட்டுட்டுப் போன வீட்ல மாமனாரை வச்சுக் காப்பாத்தணும்னு என்ன தலையெழுத்து?" திரும்பி நம்மவளைப் பார்த்தாள். "நீயாவது சொல்லேன். நீ என்ன நினைக்கிற?"

இதுதான் இடம். வாசகர்களே, இதுதான் அவள் பேச வேண்டிய இடம். 'அவர் இங்கேயே இருக்கட்டும் அண்ணி' என்று நாலு வார்த்தை போதும். சாயங்காலம் கதவைத் திறந்தால் உள்ளே யாரோ இருமுகிற சத்தம் கேட்க வேண்டும், அது போதும் அவளுக்கு. அவர் போய்விட்டால் அந்த வீட்டில் விளக்கைப் போடுவதும் அவள்தான், அணைப்பதும் அவள்தான். அதை நினைத்தால் மட்டும்தான் மரத்துப்போன உடம்பில் எங்கேயோ பயம் ஓடுகிறது. ஆனால் கேட்பதற்குத் தான் யார்? விட்டுவிட்டுப் போனவனின் மனைவிக்கு அவனுடைய அப்பா மேல் என்ன பாத்தியம்?

"மாமா இஷ்டம் அண்ணி" என்றாள்.

ஹெட்மிஸ் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மருந்துகளை எடுக்க உள்ளே போனாள். "முதல்ல குளிங்கப்பா. பதில் வந்தாலும் வராட்டியும் குளிக்கணும் இல்ல?" என்று குரல் மட்டும் வந்தது. அது நியாயமாகப் பட்டதோ என்னவோ, மாமனார் கருவியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனார். போகும்போது, "பாத்துக்கோம்மா. வந்தா உடனே சொல்லு" என்றார்.

அவள் பாஸ்வேர்டுகளை எடுத்து வைத்தாள். எழுத்து சைஸ், முதல் பக்கம், விளம்பரத்தைத் தடுக்கிற செட்டிங் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். பென் டிரைவைச் செருகினாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் தொடங்கியது.

பட்டை அசைந்தது.

'நான் இனி அங்க...' என்று ஆரம்பித்தது. அவள் அம்பை மேலே கொண்டுபோனாள்.

'நான் இனி அங்க வரமாட்டேன்பா. அக்காகூடப் போங்க. உடம்பைப் பாத்துக்கோங்க.'

ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். தன்னைப் பற்றி ஏதாவது வார்த்தை விட்டுப் போயிருக்குமோ என்று மூன்றாவது தடவையும் பார்த்தாள். இல்லை.

கல்யாணம் முடிந்துவிட்டது என்று ஒரு பெண்ணுக்குத் தெரிகிற விதம் எத்தனையோ உண்டு. இவளுக்கு இப்படித் தெரிந்தது, 'மழை வருமா'வுக்கும் 'பேப்பரு'க்கும் நடுவில். அழுகை வரவில்லை. 'சரி' என்று மட்டும் தோன்றியது. வாஷிங் மெஷின் நின்றால் தோன்றுமே, அந்தச் சரி.

அடுத்து தோன்றியது, இதைப் படித்தால் அவர் போய்விடுவார் என்பது.

ரைட் கிளிக். நீக்கு.

அது போனதும் அவள் கை நிற்கவில்லை. மீதி எல்லாவற்றையும் பென் டிரைவுக்கு எக்ஸ்போர்ட் செய்தாள். பிரௌசரை மூடினாள். அன்இன்ஸ்டால். 'எல்லாவற்றையும் அழித்துவிடவா?' என்று கேட்டது. ஆம். புதிதாக இறக்கிப் போட்டாள். முதல் வேலையாக அது அக்கவுன்ட்டைக் கேட்டது. 'இப்போது வேண்டாம்' என்று கீழே சின்ன எழுத்தில் இருந்ததை அமுக்கினாள். பென் டிரைவிலிருந்து புக்மார்க்கைத் திரும்பக் கொண்டுவந்தாள். 'மழை வருமா', 'பேப்பர்', 'செஸ்', 'முட்டி வலி', 'லிஃப்ட் விழுந்தது'. 'சாப்பிட்டியா'வும் 'ம்'மும். அவருடைய நீளமான கேள்வியும். எல்லாம் அதே வரிசையில், அதே இடத்தில். எழுத்தைக் கடைப் பலகை சைஸுக்கு ஏற்றினாள். முடி வளர எண்ணெய்க்காரர்கள் யாரும் வரவில்லை. இனி அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வராது. இந்தப் பக்கத்திலிருந்தும் எதுவும் போகாது.

நிமிர்ந்தால் ஹெட்மிஸ் மருந்துப் பையோடு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தது.

குளியலறைக் கதவு திறந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே வந்த மாமனார் மேஜையிலிருந்த கருவியை எடுத்துக் காதில் செருகினார்.

"பதில் வந்துச்சாம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. 'இல்ல மாமா' என்று சொல்வதற்கு என்ன கஷ்டம்? கை செய்துவிட்டதை வாய் செய்ய மறுத்தது.

"வரலப்பா" என்றாள் ஹெட்மிஸ். "நானும் இங்கதான் நின்னுட்டிருந்தேன். எதுவும் வரல."

மாமனார் இரண்டு பேரையும் பார்த்தார். பட்டையைப் பார்த்தார். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன.

"யோசிக்கிறான்" என்றார். "சட்டுனு சொல்ற விஷயமா இது? நீ கிளம்பும்மா. பதில் வந்தா நானே உனக்குப் போன் பண்றேன்."

ஹெட்மிஸ் சண்டை போடவில்லை. பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு போய் அவர் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தாள். வழியனுப்ப நம்மவளும் கீழே வண்டி வரைக்கும் கூடப் போனாள்.

வண்டிக் கதவைத் திறந்துவிட்டு ஹெட்மிஸ் ஏறாமல் நின்றாள்.

"என்ன எழுதியிருந்தான்?"

"வரமாட்டேன்னு."

"உன்னைப் பத்தி?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

ஹெட்மிஸ் எங்கேயோ பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். தம்பியை அவள் தூக்கி வளர்த்தவள். "படுபாவி" என்றாள் மெதுவாக. பிறகு இவள் பக்கம் திரும்பினாள். "அப்பா இங்க இருக்கட்டும்னு நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, விட்டுட்டுப் போயிருப்பேனே. உனக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னுதானே ஓடி வந்தேன். நேருக்கு நேரா கேட்டேனே உன்னை."

"கேக்கலாமான்னு தெரியல அண்ணி."

"கேக்காம எடுத்துக்கலாம்னு மட்டும் தெரிஞ்சுதா?"

அண்ணி அறைந்தால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது. குறைந்தபட்சம் வலிக்கும்.

ஹெட்மிஸ் அறையவில்லை. இவள் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். "அங்க அவனுக்கும் அழிஞ்சதுதானே? அப்பாதான் படிச்சிட்டு அழிச்சிட்டார்னு நினைச்சுக்குவான். ஒரு கேள்வி கேக்காம நிம்மதியா சோபா வாங்குவான். இங்க அப்பா தினமும் அந்த லேப்டாப் முன்னாடி உக்காந்து கண்ணு பூத்துப் போவார். எத்தனை நாளைக்கு வரல வரலன்னு சொல்லுவ?"

அவள் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்கு உனக்காக நான் சொல்லிட்டேன்" என்றாள் ஹெட்மிஸ், வண்டியில் ஏறிக்கொண்டே. "அடுத்ததை நீதான் சொல்லணும். என்னால முடியாது."

வண்டி திருப்பத்தில் மறையும்வரை நின்றுவிட்டு அவள் மேலே வந்தாள். கதவைத் திறக்கும்போதே உள்ளே அவர் இருமுவது கேட்டது. அவள் ஆசைப்பட்ட அதே சத்தம்.

"வாம்மா, வா" என்று மாமனார் கூப்பிட்டார். "சூப்பரா பண்ணிட்டே. ஒரு விளம்பரம்கூட வரல. இங்க வந்து பாரு. அந்தக் கேள்வி கொஞ்சம் மிரட்டற மாதிரி இருந்துச்சோன்னு எனக்கு ஒரே யோசனை. வருவியா மாட்டியான்னா பாவம் அவன் என்ன சொல்லுவான்? அதான் பக்கத்துல இன்னொண்ணு போட்டிருக்கேன்."

அவள் குனிந்து, அம்பை நகர்த்திப் படித்தாள். பெரிய எழுத்தில் இருந்ததால் குனிய வேண்டியதே இல்லை.

'அவசரமில்லடா. யோசிச்சு மெதுவா சொல்லு. அப்பா இருக்கேன்.'

"இப்ப சரியா இருக்கா?"

"இருக்கு மாமா."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் இல்ல?"

"சேர்ந்திருக்கும் மாமா" என்றாள் அவள்.